கண்மணியின் கதையை எழுதிய மங்களநாயகம்

ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வந்தது. ஈழத்துப் பெண்ணொருவர் நாவல் எழுத மேலும் 29 ஆண்டுகள் ஆயின. 1914இல் வெளியான 'நொறுங்குண்ட இருதயம்' தான் அது. எழுதியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மங்களநாயகம் தம்பையா.

இவர் கற்றது உடுவிலில், அமெரிக்க மிஷனரிகள் 1824இல் தொடங்கிய பெண்கள் பாடசாலையில். கணவர் ஐசக் தம்பையா சட்டத்தரணி, பின்னாளில் குருவானவர். தாயுமானவர் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தவர்.

படித்த, வசதியான அந்தச் சூழலில் இருந்துகொண்டுதான் மங்களநாயகம் கண்மணியின் கதையை எழுதினார். கணவனின் கொடுமையைப் பொறுத்துப் பொறுத்தே உடைந்துபோகிறாள் கண்மணி. கிறிஸ்தவப் பொறுமையைப் போற்றும் நாவல்தான். ஆனாலும் அந்தப் பொறுமைக்கு ஒரு பெண் கொடுக்கும் விலையை அது மறைக்கவில்லை. 1926இல் 'அரியமலர்' என்ற இன்னொரு நாவலும் எழுதினார்.

செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் நான் காண்பது இது: ஷெல் விழுந்த நாளைப் பெண்கள் தேதியோடு சொல்வார்கள். கணவன் அடித்ததைக் கேட்டால் குரல் தாழும். அது 'குடும்ப விசயம்'. போரின் இழப்புகளை எண்ணிய நாங்களும் இந்தக் காயங்களை எண்ணவில்லை.

நூறு வருடங்களுக்கு முன்பே அந்தக் கதவைத் திறந்தவர் மங்களநாயகம். ஈழத்துப் பெண்களின் எழுத்தை அவரிலிருந்து வாசிக்கத் தொடங்குவோம்.