ஆற்றின் இரு கரைகளிலிருந்து

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி தம்மைப் பற்றி எழுதப்படுவதை விரும்பாதவர். வாழ்க்கை வரலாற்றுக்கென விபரங்கள் கேட்கப்பட்டபோது அவர் மறுத்தார். கலைஞனைவிடக் கலையே பெரிதென்னும் மரபில் நின்றவருக்கு அது இயல்பே. ஆயினும், அந்த மனிதரை இன்று நாம் நெருங்கிக் காண்பது அவரது தனிப்பட்ட கடிதங்களிலேதான். அவருடைய மகன் ராமா குமாரசுவாமியும் அல்வின் மூரும் தொகுத்த கடிதங்கள் 1988 இல் நூலாக வெளிவந்தன.

1877 இல் கொழும்பில் பிறந்த அவர், சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தர், தாயார் ஆங்கிலேயர். இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டனில் புவிச்சரிதவியல் கற்று, இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். தோரியனைட் என்னும் கனிமம் உலகறியப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. கல்லை ஆராயச் சென்றவர் கிராமத்துக் கைவினைஞரைக் கண்டார். 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் பிறந்தது. 1917 முதல் மறையும்வரை பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிலேயே பணிபுரிந்தார்.

சார்ள்ஸ் ஆற்றின் மறுகரையில், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், நீண்டகாலம் விரிவுரையாளராக இருந்து 1940 இல் பேராசிரியரானவர் ஜோர்ஜ் சார்ட்டன். பெல்ஜியத்தில் பிறந்த இந்த விஞ்ஞான வரலாற்றறிஞர் அரபு மொழியைக் கற்றவர். தமது பெருநூலில் அரை நூற்றாண்டுக் காலப்பகுதிகளுக்கு அல்குவாரிஸ்மி, அல்பிரூனி போன்றோரின் பெயர்களையே சூட்டியவர். அவரது 'ஐசிஸ்' சஞ்சிகையில் 1933 இல் மாயை, தேவ, தபஸ் ஆகிய சொற்களின் மொழிபெயர்ப்புப் பற்றிக் குமாரசுவாமி எழுதினார்.

சில மைல் தூரத்தில் வாழ்ந்த இருவரும் கடிதங்களிலும் உரையாடினர். விஞ்ஞானமே மனிதகுலத்தின் மெய்யான முன்னேற்றம் என்பது சார்ட்டனின் நம்பிக்கை. பொருள்களை அளப்பதால் அவற்றின் அர்த்தம் விளங்கிவிடாது என்பது குமாரசுவாமியின் பக்கம். விஞ்ஞானம் அறியாத ஒருவரின் பேச்சாக இதனை ஒதுக்கிவிட முடியாது. புவிச்சரிதவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். பிளேட்டோவையும் வேதாந்தத்தையும் ஒருசேர முன்வைத்து அவர் வாதிட்டார். விட்டுக்கொடுக்கவுமில்லை, நட்பை முறித்துக்கொள்ளவுமில்லை. கருத்து மாறுபட்டவுடன் உறவையே அறுத்துக்கொள்ளப் பழகிவிட்ட நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்.

எழுபதாவது அகவை நிறைந்ததும் ஓய்வுபெற்று இந்தியா திரும்பி, இமயச் சாரலில் துறவு வாழ்வு வாழ அவர் எண்ணியிருந்தார். 1947 ஓகஸ்ட் 22 இல் எழுபது வயது நிறைந்தது. செப்டெம்பர் 9 ஆம் திகதி பொஸ்டனை அடுத்த நீதமில் உள்ள தமது இல்லத்தில் காலமானார்.