காடில்லாத காட்டு அதிகாரி

(பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

உலகின் முதல் இருசக்கர வண்டியைச் செய்தவர் ஒரு காட்டு இலாகா அதிகாரி என்று சொன்னால் எங்கள் வகுப்பில் பலர் நம்ப மறுக்கிறார்கள். நீராவி எஞ்சின் என்றால் ஜேம்ஸ் வாட், மின்விளக்கு என்றால் எடிசன் என்று சின்ன வகுப்பிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நாள்தோறும் ஏறி மிதிக்கும் சைக்கிளுக்கு உரியவர் பெயரை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. ஜெர்மனியில் அந்தப் பெயரைத் தெரியாதவர் குறைவு. கார்ல் டிராய்ஸ் என்பது அவர் பெயர். இயற்பியல் ஆர்வத்தால்தான் நான் அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆனால் படித்து முடித்தபின் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது, அவர் தம் வண்டியை எந்தப் பாதையில் ஓட்டினார் என்ற செய்தியே.

டிராய்ஸ் 1785ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கார்ல்ஸ்ரூ நகரில் பிறந்தார். ஜெர்மனி அப்போது ஒரே நாடாக இல்லை. கார்ல்ஸ்ரூ, பாடன் என்னும் சிற்றரசின் தலைநகரம். தந்தை அந்நாட்டின் உயர்ந்த நீதிபதிகளில் ஒருவர், பிரபு வம்சம். மகன் 1803 முதல் 1805 வரை ஹைடல்பர்க் பல்கலைக் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். சிற்றப்பா ஒருவர் நடத்திய வனவியல் பள்ளியிலும் பயிற்சி பெற்றார். 1810இல் வன அதிகாரிப் பதவி கிடைத்தது. ஆனால் அவருக்கென்று ஒரு காடும் ஒதுக்கப்படவில்லை! அடுத்த ஆண்டே அவரைப் பணியிலிருந்து விலக்கி வைத்துச் சம்பளத்தை மட்டும் தொடர்ந்து கொடுத்தார்கள். அவர் மன்ஹைம் நகருக்குச் சென்று தந்தையோடு தங்கினார். நம் ஊரில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் சீட்டாடியே காலம் கழித்திருப்பார் என்றான் என் நண்பன். டிராய்ஸ் சீட்டாடவில்லை. பியானோவில் வாசிப்பதைத் தானே காகிதத்தில் பதிந்துகொள்ளும் கருவி ஒன்றைச் செய்தார். மனிதன் காலால் இயக்கும் நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்து அரசர்களிடம் காட்டினார். அவர்கள் பார்த்தார்கள், வாங்கவில்லை.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் புகையும் தூசும் வான்வெளியில் பரவிச் சூரிய ஒளியை மறைத்ததால் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை. பயிர் அழுகிற்று. குதிரைக்குப் போடும் ஓட்ஸ் தானியத்தின் விலை ஏறிற்று. தீனியின்றிக் குதிரைகள் மடிந்தன. குதிரையில்லாமல் ஓடும் வண்டியைப் பற்றி டிராய்ஸ் மீண்டும் சிந்தித்ததற்கு இந்தப் பஞ்சமே காரணம் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். எங்கோ ஒரு தீவில் எரிமலை வெடித்ததற்கும் நம் சைக்கிளுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கலாம் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

1817 ஜூன் 12ஆம் நாள் அவர் மன்ஹைமிலிருந்து புறப்பட்டார். ஷ்வெட்சிங்கன் என்னும் ஊரில் அரச குடும்பத்தின் கோடை அரண்மனை இருந்தது. அங்கே போகும் சாலை பாடன் நாட்டிலேயே மிக நல்ல சாலை. அந்தச் சாலையில், வழியிலிருந்த குதிரை மாற்றும் விடுதி வரை சென்று திரும்பினார். போக வர ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதே கோடையில் கெர்ன்ஸ்பாக் என்னும் ஊரிலிருந்து மலையைக் கடந்து பாடன் நகரம் வரை ஓட்டிக் காட்டினார். கருங்காடு எனப்படும் பெரிய வனப்பகுதியின் வடக்கு விளிம்பு அது. காடு கிடைக்காத அதிகாரி காட்டோரமாகத் தம் வண்டியில் போனார்!

அந்த வண்டி மரத்தால் ஆனது. எடை சுமார் 22 கிலோ. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரம். நடுவே உட்கார ஓர் இருக்கை. முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கைப்பிடி. பின்சக்கரத்தை நிறுத்தக் கயிற்றால் இழுக்கும் பிரேக். மிதிக்கட்டை கிடையாது. ஆகவே அதை மிதிவண்டி என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தபடியே இரு கால்களாலும் மாறி மாறித் தரையை உதைத்துச் செல்ல வேண்டும். ஓடும் இயந்திரம் என்றே அவர் பெயரிட்டார். காலடியால் ஓடிய வண்டி என்பதால் எங்கள் காலடிப்பேட்டைக்கு ஏற்ற வண்டி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மையில் எங்கள் ஊர்ப் பெயருக்கும் காலுக்கும் தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை, காலட் பேட்டையாகி, பின் மருவிற்று. காலட் கவர்னரான ஆண்டிலிருந்து சரியாக நூறாவது ஆண்டில் டிராய்ஸ் வண்டி ஓட்டினார்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடலின் ஈர்ப்பு மையம் சற்று உயர்ந்து தாழ்கிறது. எடை முழுவதையும் கால்களே தாங்குகின்றன. டிராய்ஸ் அந்தச் சுமையைச் சக்கரத்துக்கு மாற்றினார். கால்களுக்குத் தள்ளும் வேலை மட்டும் மிஞ்சிற்று. இரண்டு சக்கரம் விழாதா என்று அக்காலத்தவர் கேட்டிருப்பார்கள். விழத்தான் பார்க்கும். இடப்பக்கம் சாயும்போது கைப்பிடியை இடப்பக்கமே திருப்பினால் சக்கரங்கள் உடலுக்கு நேர்க்கீழே வந்து நிலைநிறுத்தும். சைக்கிள் பழகும் குழந்தை முதல் மூன்று நாள் இதற்கு நேர்மாறாகத் திருப்பித்தான் முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறது.

இனித்தான் சாலைக் கதை. ஷ்வெட்சிங்கன் சாலையைப் போன்ற நல்ல சாலை எல்லா ஊரிலும் இருக்கவில்லை. கனமான குதிரை வண்டிகள் ஓடி ஓடிச் சாலையெங்கும் ஆழமான தடம். அந்தத் தடத்தில் இரண்டு சக்கரத்தை நிறுத்துவது எளிதன்று. ஆகவே டிராய்ஸின் வண்டியை வாங்கியவர்கள் வழவழப்பான நடைபாதையில் ஏறினார்கள். நடப்பவர்கள் முறையிட்டார்கள். 1817 முடிவதற்குள்ளேயே மன்ஹைம் நகரம் நடைபாதையில் அவ்வண்டியை ஓட்டத் தடை விதித்தது. அடுத்த மாதம், 1818 ஜனவரி 12ஆம் நாள், பாடன் அரசு அதே வண்டிக்குப் பத்தாண்டு உரிமை வழங்கி டிராய்ஸைப் பாராட்டியது! இயந்திரவியல் பேராசிரியர் என்ற பட்டமும் வந்தது. ஒரு கை மாலை போட, மறு கை வழியை அடைத்தது. பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தடைகள் வந்தன. நம் நாட்டில் கல்கத்தாவிலும் தடை விதிக்கப்பட்டது. சாலையில் ஓட முடியாது, நடைபாதையில் ஓடக் கூடாது என்றால் வண்டி எங்கே ஓடும்? சில ஆண்டுகளில் அந்த மோகம் அடங்கிவிட்டது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பிளஸ் ஒன் படிக்கையில் அரசு கொடுத்த இலவச சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனேன். என் தங்கைக்கும் சைக்கிள் கிடைத்தது. ஆனால் அது வாசல் சுவரில் சாய்ந்தே நிற்கிறது. அப்பா மட்டும் எப்போதாவது எடுத்துப் போவார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில், நிற்கும் லாரிக்கும் ஓடும் லாரிக்கும் நடுவே பெண் பிள்ளையை அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. நான் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நானே அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன்.

டிராய்ஸின் பிற்கால வாழ்வு துன்பமயமானது. 1819இல் கார்ல் சாண்ட் என்ற மாணவர், கோட்செபு என்ற நாடக ஆசிரியரை மன்ஹைமில் கொலை செய்தார். சாண்டுக்கு 1820இல் மரண தண்டனை நிறைவேறியது. உயர் நீதிபதியாயிருந்த டிராய்ஸின் தந்தை கருணை காட்டும்படி பரிந்துரைக்கவில்லை. அந்தக் கோபத்தை மாணவர்கள் மகன்மேல் காட்டினார்கள், போகுமிடமெல்லாம் துரத்தினார்கள். மாணவனாகிய நான் இதை எழுதக் கூசுகிறேன். 1822இல் அவர் பிரேசில் நாட்டுக்குப் போய் நில அளவையாளராக வேலை பார்த்தார், 1827இல் திரும்பினார். விசைப்பலகையுள்ள தட்டச்சு இயந்திரம், சுருக்கெழுத்து இயந்திரம் என்று ஏதேதோ செய்துகொண்டேயிருந்தார். தண்டவாளத்தில் காலால் ஓட்டும் வண்டியும் அவர் பெயரோடு சேர்ந்தது. தண்டவாளச் சோதனை வண்டியை ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்றும் டிராய்ஸின் பெயரால்தான் அழைக்கிறார்கள். எங்கள் திருவொற்றியூர் ரயில் பாதையில் ஊழியர்கள் தள்ளிக்கொண்டு ஓடும் டிராலியும் அந்த இனம்தான்.

1839 முதல் 1845 வரை ஓடன்வால்ட் காட்டு மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தார். 1849இல் பாடனில் குடியரசுப் புரட்சி எழுந்தபோது தம் பிரபுப் பட்டத்தைத் துறந்து, வெறும் குடிமகன் கார்ல் டிராய்ஸ் என்று அறிவித்துக்கொண்டார். அவருடைய வண்டியைவிட இந்தச் செயலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. புரட்சி அடக்கப்பட்டது. புரட்சிச் செலவுக்கு ஈடாக அவருடைய ஓய்வூதியத்தைப் பறித்தார்கள். பைத்தியம் என்று சொல்லி அடைத்து வைக்கவும் முயன்றார்கள். 1851 டிசம்பர் 10ஆம் நாள் கார்ல்ஸ்ரூவில் வறுமையில் இறந்தார்.

அவர் இறந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அப்போது ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். அவன் பெயர் கார்ல் பென்ஸ். 1886இல் மன்ஹைமில் மோட்டார் காருக்கு உரிமம் பெற்றவர் அவரே. முதல் சைக்கிள் ஓடிய அதே ஊரிலிருந்துதான் அதைச் சாலையோரத்துக்குத் தள்ளிய காரும் புறப்பட்டது! இடையே 1860களில் பாரிஸில் மிதிக்கட்டை வந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார்.

டிராய்ஸ் அன்று ஓட்டிய மலைக்குத் தெற்கே, கருங்காட்டில், 2014இல் தேசியப் பூங்கா ஒன்று அமைந்தது. அந்த மாநிலத்தில் காட்டுச் சாலைகளில் பொதுமக்கள் கார் ஓட்டிச் செல்ல முடியாது, சைக்கிளில் செல்லலாம். இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதை நடப்பவர்களுக்கு மட்டும். பூங்காவினுள் குறித்துக் காட்டிய வழிகளில் சைக்கிள் ஓடுகிறது. நடப்பவர், ஓட்டுபவர் இருவருக்கும் இடம் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மன்ஹைம் நகரம் 1817இல் செய்யத் தவறியது இதுதான்.

நமக்கும் நகருக்குள்ளேயே ஒரு புதர்க்காடு உண்டு. 1978இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காடு, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். சுவருக்குள்ளே புள்ளிமானும் வெளிமானும் மேய்கின்றன. சுவருக்கு வெளியே சர்தார் படேல் சாலையில் பேருந்தும் காரும் முட்டிக்கொள்கின்றன. அவ்வளவு சிறிய காட்டில் மான்களுக்கு இடையே சைக்கிள் விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வண்டலூரில், 1985இல் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில், வாடகைக்குச் சைக்கிள் தருகிறார்கள். சென்ற விடுமுறையில் தங்கையை ரயிலில் அழைத்துப் போனேன். மரநிழலில், பின்னால் ஹாரன் அடிப்பார் யாருமின்றி, அவள் என்னை முந்திக்கொண்டு போனாள். அவள் இவ்வளவு நன்றாக ஓட்டுவாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

வண்டலூர் எங்களுக்கு நெடுந்தூரம். அருகிலே ஒன்று இருக்கிறது. எங்கள் ஊருக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் முதற்பகுதியை, சென்னையிலிருந்து எண்ணூர் வரை, 1806இல் வெட்டினார்கள். டிராய்ஸுக்கு அப்போது வயது 21. காற்று உதவாத நேரத்தில் படகுகளைக் கயிறு கட்டிக் கரைமேல் நடந்து இழுத்தார்கள் ஆட்கள். அந்தக் கரை இன்று பல இடங்களில் முள்ளும் குப்பையும் மண்டிக் கிடக்கிறது. லாரி ஏற முடியாத அகலம்தான், சைக்கிளுக்குத் தாராளம்.