காரணம் கேட்ட கருணை

ஹெலன் கெல்லர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது பள்ளிப் பருவத்தில் அறிந்த ஒரு காட்சியே. தண்ணீர்க் குழாயடியில் ஒரு சிறுமி நிற்கிறாள். அவளது ஒரு கையில் நீர் வழிகிறது. மறு கையில் ஆசிரியை விரல்களால் எழுத்துக்கூட்டுகிறார். பொருள் ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு என்பதை அக்கணத்தில் சிறுமி உணர்கிறாள். அக்காட்சி உண்மையானது, உருக்கமானது. ஆயினும் அச்சிறுமி அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பதும், அவ்வாழ்வின் பெரும்பகுதியைப் பார்வையற்றோருக்காகப் பேசுவதிலும் எழுதுவதிலும் செலவிட்டார் என்பதும் அந்த அளவுக்கு நினைக்கப்படுவதில்லை. எழுத்தைத் தம் பணியாகக் கொண்டோர் நெருங்கி அறிய வேண்டியது அந்தப் பிற்கால வாழ்வையே.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் ஹெலன் பிறந்தார். பத்தொன்பது மாதக் குழந்தையாயிருந்தபோது வந்த கடுங்காய்ச்சல் அவரது பார்வையையும் கேட்கும் திறனையும் ஒருசேரப் பறித்துச் சென்றது. ஐந்து ஆண்டுகள் மொழியின்றிக் கழிந்தன. தேவைகளைத் தெரிவிக்கத் தாமே உண்டாக்கிக்கொண்ட சில சைகைகளே துணையாயிருந்தன. 1887-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் ஆன் சல்லிவன் என்னும் இருபது வயதுப் பெண்மணி ஆசிரியையாக அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆனும் சிறு வயதில் டிரக்கோமா என்னும் கண்நோயால் பார்வையைப் பெரிதும் இழந்து, அறுவை சிகிச்சைகளால் ஓரளவு மீண்டவர். ஆதரவற்றோர் விடுதியில் சில ஆண்டுகள் துன்புற்றுப் பின்னர் பாஸ்டன் நகரத்துப் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் பயின்றவர். மாணவியின் பார்வையைப் பறித்தது திடீரென வந்த நோய். ஆசிரியையின் கண்களைக் கெடுத்த நோயோ வறுமையும் தூய்மைக் குறைவும் உள்ள இடங்களில் வேரூன்றுவது. இவ்விரு வாழ்வுகளும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒன்றாக நடந்தன.

மொழி கிட்டிய சில ஆண்டுகளிலேயே அம்மொழியாலேயே ஹெலனுக்கு ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. பதினொரு வயதில் அவர் எழுதிப் பெர்கின்ஸ் பள்ளித் தலைவருக்குப் பரிசாக அனுப்பிய ‘உறைபனி அரசன்’ என்னும் கதை அச்சேறிப் பாராட்டுப் பெற்றது. ஆனால் அது மார்கரெட் கான்பி என்னும் எழுத்தாளரின் கதையொன்றைப் பெரிதும் ஒத்திருந்தது விரைவிலேயே தெரியவந்தது. எப்போதோ விரல்வழி படித்துக் காட்டப்பட்ட கதை, படித்ததென்ற நினைவு மறைந்து, தம் சொந்தக் கற்பனையாகவே அவருக்குத் தோன்றியிருந்தது. பள்ளியில் கூடிய விசாரணைக் குழு ஆசிரியையை வெளியே இருத்திவிட்டு அச்சிறுமியை நெடுநேரம் வினவியது. குற்றம் நிறுவப்படவில்லை, எனினும் காயம் ஆறவில்லை. தாம் எழுதும் சொல் தம்முடையதுதானா என்ற ஐயம் நெடுநாள் அவரை வாட்டியது. பிறர் சொல்லைக் கொண்டே உலகைக் காண வேண்டிய ஒருவருக்கு இது எத்தகைய வேதனை என்பதைக் கவிஞர்கள் எளிதில் உணர்வர்.

அந்த ஐயத்தையும் மீறி அவர் எழுதினார். 1903-இல் அவரது தன்வரலாறு நூலாக வெளிவந்தது. 1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் சிறப்புடன் தேறி, பார்வையும் கேட்கும் திறனும் இழந்தோருள் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல்வரானார். உலகம் வியந்தது. அவ்வியப்பிலேயே இளைப்பாறியிருந்தால் அவர் ஓர் அதிசயப் பெண்ணாக மட்டுமே நின்றிருப்பார். அவரோ அந்த வியப்பை ஒரு கருவியாக்கிக்கொண்டார்.

1906-இல் மாசசூசெட்ஸ் மாநிலப் பார்வையற்றோர் நல ஆணையத்தில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பார்வையின்மையின் காரணங்களை ஆராயத் தொடங்கிய அவரை ஓர் உண்மை திடுக்கிட வைத்தது. பார்வையற்றோர் பள்ளிகளில் பயின்ற குழந்தைகளுள் கணிசமானோர் பிறந்த சில நாள்களிலேயே பார்வையை இழந்தவர்கள். தாயைப் பற்றிய வெட்டை நோய் மகப்பேற்றின்போது குழந்தையின் கண்களைத் தொற்றிச் சீழ்பிடிக்கச் செய்கிறது. அத்தாய்க்கோ அது பெரும்பாலும் கணவனிடமிருந்து வந்தது. குழந்தை பிறந்தவுடன் கண்களில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டால் இதைத் தடுத்துவிடலாம் என்பதை ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் கிரெடே 1880-களின் தொடக்கத்திலேயே மெய்ப்பித்திருந்தார். மருந்து மலிவானது, முறை எளியது. இருந்தும் கால் நூற்றாண்டாகக் குழந்தைகள் பார்வை இழந்துகொண்டேயிருந்தனர். நோயின் பெயரை நல்ல குடும்பத்துப் பெண்களின் செவியில் விழச் சொல்லலாகாது என்ற நாணமே அதற்குப் பெருங்காரணம்.

அந்த நாணத்தை ஹெலன் உடைத்தார். இலட்சக்கணக்கான இல்லங்களுக்குச் சென்ற மகளிர் இதழொன்றில் 1907-ஆம் ஆண்டும் அதற்குப் பின்னும் இப்பொருள் பற்றி வெளிப்படையாக எழுதினார். மணமாகாத இளம்பெண் ஒருவர் இத்தகைய நோயைப் பற்றி எழுதுவது அக்காலத்தில் நினைத்தும் பார்க்க இயலாத செயல். தம் சொல் தம்முடையதுதானா என்று கலங்கிய சிறுமி, பிறர் நாவில் எடுக்கத் தயங்கிய சொல்லை அச்சில் ஏற்றினார். மருத்துவர்களும் செவிலியரும் தொண்டர்களும் பலவிடங்களில் செய்துவந்த பணிக்கு அவரது பெயர் பெரும் வலிமை சேர்த்தது. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு மருந்திடுவதைப் பல மாநிலங்கள் சட்டமாக்கின.

காரணம் கேட்கத் தொடங்கியவர் அத்துடன் நிற்கவில்லை. ஆலை விபத்துகளும் நெருக்கடியான குடியிருப்புகளும் வறுமையும் கண்களைப் பறிப்பதைக் கண்டார். 1909-இல் சோசலிசக் கட்சியில் சேர்ந்தார். அதுவரை அவரது அறிவைப் போற்றிய செய்தித்தாள்களுள் சில, உடற்குறையால் அவருக்கு உலகம் புரியவில்லை என்று எழுதத் தலைப்பட்டன. இரங்கத்தக்கவராக இருந்தவரை அவருக்கு அறிவுண்டு. வினா எழுப்பியதும் அவ்வறிவு மறுக்கப்பட்டது. இதை அவர் கூர்மையாகச் சுட்டிக்காட்டி மறுமொழி எழுதினார்.

ஆனால் வாழ்க்கை அவரை எளிதாக விடவில்லை. செல்வர் ஆண்ட்ரூ கார்னெகி தர முன்வந்த உதவித்தொகையை முதலில் மறுத்த அவர், சொற்பொழிவுப் பயணத்தில் ஆன் நோய்வாய்ப்பட்டுத் தாம் செய்வதறியாது நின்ற நிலையில் 1913-இல் அதை ஏற்றார். 1920 முதல் சில ஆண்டுகள் ஆசிரியையும் மாணவியும் கேளிக்கை மேடைகளில் தோன்றிப் பொருளீட்டினர். 1924-இல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளையின் பணியை ஏற்று நிதி திரட்டப் புறப்பட்டார். நிதி தருவோர் பெரும்பாலும் செல்வர்கள். எனவே அரசியல் மேடைகளில் அவரது குரல் தணிந்தது. கையேந்தி நிற்பது அவருக்கு உவப்பாயில்லை. எனினும் அறக்கட்டளைக்காக அவர் நான்கு பத்தாண்டுகள் உழைத்தார். தம் கொள்கைக்கும் பார்வையற்றோரின் உடனடித் தேவைக்கும் இடையே நின்று அவர் செலுத்திய விலை இது.

1925-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்து சீடார் பாயின்ட்டில் கூடிய அரிமா சங்கங்களின் மாநாட்டில் உரையாற்றினார். பார்வையின்மைக்கு எதிரான போரில் வீரர்களாக வருமாறு அவர் விடுத்த அழைப்பை அச்சங்கம் ஏற்றது. நம் ஊர்களில் அரிமா சங்கத்தார் நடத்தும் கண் சிகிச்சை முகாம்கள் அந்த அழைப்பின் வழிவந்தவை. முகாமுக்கு முதியவர்களைக் கைபிடித்து அழைத்துவரும் இளைஞர் பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

படிப்பவர் என்ற முறையிலும் அவரது கவலை பெரிது. அவரது இளமையில் பார்வையற்றோர்க்கான புடைப்பெழுத்துகள் பலவகையாகச் சிதறிக் கிடந்தன. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றில் வந்த நூலைப் படிக்க இயலாது. பிரெயில் முறையே பொதுவாக வேண்டும் என வாதிட்டோருள் அவரும் ஒருவர். 1932-இல் ஆங்கிலத்துக்குப் பொதுவான பிரெயில் முறை உடன்பாடாயிற்று. பார்வையற்ற பெரியவர்களுக்கு நூல்கள் அளிக்க அரசு நிதி ஒதுக்கும் 1931-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகவும் குரல் கொடுத்தார்.

1936-இல் ஆன் மறைந்தார். பாலி தாம்சன் துணையாக நிற்க, ஹெலனின் பயணங்கள் தொடர்ந்தன. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களை மருத்துவமனைகளில் சந்தித்தார். 1948-இல் இரோசிமா, நாகசாகி நகரங்களுக்குச் சென்றார். 1955-இல் ஐந்து மாதங்கள் ஏறத்தாழ 40,000 மைல் தொலைவு ஆசியாவில் பயணம் செய்தபோது இந்தியாவுக்கும் வந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. 1968-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் கனெக்டிகட் மாநிலத்தில் தம் இல்லத்தில் காலமானார். அவரது அஸ்தி வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் ஆன், பாலி இருவரது அஸ்திக்கு அருகில் வைக்கப்பட்டது.

1915-இல் போரில் பார்வை இழந்தோர்க்காகத் தொடங்கப்பட்டுப் பின்னாளில் அவர் பெயர் தாங்கிய அமைப்பு, வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டது. அவர் எழுப்பிய வினா மட்டும் இன்னும் தீரவில்லை. உலக அளவில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டென்றும், அவருள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவித்தது.

இப்பணியில் சொல்லை ஆள்வோர்க்கும் இடமுண்டு. பார்வையற்ற மாணவருக்குத் தேர்வெழுத உதவுவதும், நல்ல நூலொன்றை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து தருவதும், கண் மங்கும் முதியவரிடம் அது முதுமையின் விதியன்று, புரையாகவும் இருக்கலாம், சிகிச்சையுண்டு என்று எடுத்துரைப்பதும் எளிய செயல்களே. அவற்றைச் செய்யும்போது, ஏன் இந்நிலை வந்தது என்று கேட்பதையும் உடன் கொள்ளுதல் வேண்டும். ஹெலன் கெல்லர் நெடுங்காலம் செய்தது அதுவே.