பூட்டுக்காரர் மகனும் மாமாவின் பிக்கப்பும்

மலர்க் குழுவிலிருந்து ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எடிசனை எப்படியும் யாராவது எழுதிவிடுவார்கள். நான் ஜார்ஜ் சைமன் ஓமை எடுத்துக்கொண்டேன். காரணம், என் மாமாவின் பழைய பிக்கப் வண்டி.

மாமா ராத்திரியில் தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறவர். வண்டிக்கு இருபது வயசுக்கு மேலே. ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி மஞ்சளாய் எரியும். போன தை மாதம், பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்ற கரும்பு டிரெய்லரைக் கடைசி நேரத்தில்தான் பார்த்திருக்கிறார். ஒரு முழம் தள்ளி வண்டி நின்றதாம். அத்தையிடம் இதைச் சொல்லவே இல்லை. மறுநாளே 100/90 வாட் பல்பு இரண்டு வாங்கி மாட்டிவிட்டார். மூன்றாம் நாள் ஸ்விட்ச் பக்கம் பிளாஸ்டிக் கருகிய வாசனை. அப்புறம்தான், எலக்ட்ரிக்கல் படிக்கிற மருமகன் ஒருத்தன் இருக்கானே என்று என் ஞாபகம் வந்தது!

இனி ஓமுக்கு வருவோம். 1789 மார்ச் 16-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டுச் செய்யும் தொழிலாளி. எங்கள் திண்டுக்கல் பக்கத்து வாசகர்களுக்கு அந்தப் பட்டறையை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகாத அந்த மனிதர் தானாகவே கணிதம் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு மகன் மார்ட்டினும் பெரிய கணித மேதையானார். அம்மா, ஜார்ஜுக்குப் பத்து வயதானபோதே இறந்துவிட்டார்.

1805-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நம்ம ஆள் படிப்பதை விட்டுவிட்டு நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று சுற்றினார். (முதலாண்டு நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.) அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. படிப்பை நிறுத்தி, 1806-ல் சுவிட்சர்லாந்துக்கு ஆசிரியர் வேலைக்கு அனுப்பிவிட்டார். பிறகு திரும்பி வந்து 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார் என்றாலும், அடுத்த பல வருஷங்கள் சின்னச் சின்னப் பள்ளிகளில் குறைந்த சம்பளத்தில்தான் ஓடின. 1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு நல்ல பரிசோதனைக் கூடம் இருந்தது. சாமான்களைத் தன் கையாலேயே செய்துகொள்ளப் பூட்டுக்காரர் மகனுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

1825-ல் கம்பியின் நீளத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வந்த சூத்திரம் தப்பு. அந்தக் காலத்து பேட்டரி அளந்துகொண்டிருக்கும்போதே இறங்கிவிடும். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் மாமா வண்டியில் இன்ஜினை ஓடவிடாமல், வெறும் பேட்டரியில் லைட்டைப் போட்டு மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு!

பொகெண்டார்ஃப் என்ற விஞ்ஞானி யோசனை சொல்ல, ஓம் அந்த பேட்டரியை விட்டுவிட்டு தெர்மோகப்பிளுக்கு மாறினார். பிஸ்மத்தும் தாமிரமும் சேர்ந்த இணைப்பு. ஒரு முனை கொதிக்கும் நீரில், மறுமுனை பனிக்கட்டியில். வெப்பநிலை மாறாது, ஆகவே வோல்ட்டும் மாறாது. ஒரே பருமனில், வேறு வேறு நீளத்தில் எட்டுத் தாமிரக் கம்பிகள். மேலே தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பொறுமையாய் அளந்தார். 1826-ல் சரியான விதி கிடைத்துவிட்டது. 1827-ல் புத்தகமாக வந்தது.

நானும் இன்ஜினை ஓடவிட்டு, பழைய 55 வாட் பல்பையே மாட்டி மறுபடி அளந்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட். பல்பு ஹோல்டரில் 11.2. வழியிலேயே 2.6 வோல்ட் போய்விட்டது. அதில் 0.6 எர்த் பக்கம், துருப்பிடித்த ஒரு போல்ட்டில். இரண்டு பல்புக்குமாக ஏறக்குறைய 9 ஆம்பியர் என்றால் மின்தடை 0.29 ஓம். கேட்க அற்பம்தான். ஆனால் வோல்ட் இவ்வளவு குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் பாதியாகிவிடும். இதே ஒயரில் 90 வாட் பல்பைப் போட்டால் ஆம்பியர் கூடும், வழியில் விழும் வோல்ட்டும் கூடும், ஒயரின் சூடு இன்னும் வேகமாய் ஏறும். கருகாமல் என்ன செய்யும்?

ஓமின் புத்தகத்தை ஜெர்மனியில் பலர் மதிக்கவில்லை. சோதனையும் கணக்கும் கலந்த இந்த முறை அவர்களுக்குப் பிடிபடவில்லை. மனம் நொந்து கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். பெர்லினில் சில வருஷம் அரைகுறை வேலையில் கழிந்தன. 1833-ல் அவருக்கு இடம் கொடுத்தது எது தெரியுமா? நியூரம்பர்க் பாலிடெக்னிக்! நம்ம ஜாதிதான். 1839-ல் அதன் தலைவரும் ஆனார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் சொந்த நாட்டிலும் மரியாதை கூடியது. ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, மியூனிக்கில், 1852-ல் கிடைத்தது. இரண்டே வருஷம். 1854 ஜூலை 6-ல் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை 1881 பாரிஸ் மாநாட்டில் ஏற்றபோது அவர் இறந்து 27 வருஷம் ஆகியிருந்தது.

மாமா வண்டிக்கு ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே போட்டேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர், எர்த்துக்கும் அதே அளவில் தனி ஒயர். பழைய ஸ்விட்ச் இப்போது ரிலே காயிலை மட்டும்தான் இயக்குகிறது. ஹோல்டரில் 13.4 வோல்ட் வந்தது. கூடவே லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தேன், எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாதே. அன்று ராத்திரி மாமாவோடு நானும் மார்க்கெட்டுக்குப் போனேன். அந்த டிரெய்லர் நின்ற வளைவில் வண்டியை மெதுவாக்கி, ரோட்டோரப் புளியமரத்தில் அடித்திருந்த வெள்ளைப் பட்டையைக் காட்டினார். இத்தனை நாள் அது கண்ணில் பட்டதே இல்லையாம்.