ஓவியர் லோயிஸ் மைலு ஜோன்ஸ்

வண்ணங்களைக் குழைத்து வாழ்க்கையை வரைவது ஓவியர் தொழில். தம் மேனியின் வண்ணத்தையே காரணங்காட்டித் தம் ஓவியத்திற்குக் கதவடைத்த உலகில் வாழ நேர்ந்தவர் லோயிஸ் மைலு ஜோன்ஸ் அம்மையார். இவர் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், 1905ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள், ஆப்பிரிக்க வழிவந்த குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் பணிபுரிந்துகொண்டே சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். அவருடைய விடாமுயற்சி மகளிடமும் குடிகொண்டிருந்தது.

பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையைச் சார்ந்த பள்ளியில் 1923 முதல் 1927 வரை லோயிஸ் கலை பயின்றார். முதலில் துணிகளுக்குரிய சித்திர வேலைப்பாடுகளை வரைந்து விற்றார். துணிகள் விலைபோயின, வரைந்தவர் பெயரையோ எவரும் அறிந்திலர். பெயர் நிலைக்க வேண்டுமாயின் ஓவியம் தீட்டுதலே வழியெனத் தெளிந்தார். தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியப் பணி வேண்டினார். தெற்கே சென்று தம் இனத்தாருக்குத் தொண்டு செய்யுமாறு கூறி, அவர்கள் மறுத்துவிட்டனர். அம்மையார் மனந்தளரவில்லை. வட கரோலினாவில் ஒரு பள்ளியில் கற்பித்தபின், 1930இல் வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1977 வரை ஆசிரியராக விளங்கினார்.

1937இல் அவர் பாரிசு நகர் சென்றார். அங்கு நிறம் பாராது மக்கள் பழகியது அவருக்குப் புத்துயிர் அளித்தது. ஆப்பிரிக்க முகமூடிகளை வைத்து, ‘லே ஃபெட்டீஷ்’ என்னும் ஓவியத்தை 1938இல் தீட்டினார். இஃது உமக்குரிய பாணியன்று என ஆசிரியர்கள் கருதினர். ஐரோப்பியராகிய பிக்காஸோ ஆப்பிரிக்கக் கலையிலிருந்து கொள்ளலாமாயின், அம்மக்களின் வழித்தோன்றலாகிய தமக்கு அவ்வுரிமை மிகுதியும் உண்டென அம்மையார் விடையிறுத்தார்.

தாய்நாடு திரும்பியபின் பழைய தடையே எதிர்நின்றது. வாஷிங்டனில் கார்க்கரன் கலைக்கூடத்தில் நடந்த போட்டியில் கறுப்பின ஓவியர்க்கு இடமில்லை. 1941இல் தம் ஓவியத்தை வெள்ளையராகிய பிரெஞ்சுத் தோழியார் செலின் தபரியின் கையில் கொடுத்தனுப்பினார். அவ்வோவியம் பரிசு பெற்றது. ஆயினும் பரிசுக்குரியவர் நேரில் சென்று அதனைப் பெற இயலவில்லை! எத்துணைக் கொடுமை இது!

1953இல் அவர் எயிட்டி நாட்டு ஓவியர் லூயி பியர்-நோயலை மணந்தார். கரீபியத் தீவொன்றில் அமைந்த அந்நாட்டின் கதிரொளியும், சந்தைக் கூட்டமும், மக்களின் வழிபாட்டுச் சின்னங்களும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. மங்கலான நிறங்கள் மறைந்தன; செம்மையும் மஞ்சளும் நீலமும் ஓவியங்களில் ஒளிவீசின. 1970இல் ஆப்பிரிக்காவின் பதினொரு நாடுகளுக்குச் சென்று, ஆங்காங்குள்ள கலைஞர்களைக் கண்டு உரையாடினார். அப்பயணத்தின் பயனாய் மலர்ந்தது, 1972இல் தீட்டிய ‘உபி மங்கை’. மங்கையின் முகமும் முகமூடிகளும் இணைந்து விளங்கும் ஓவியம் அது. மறு ஆண்டில், பணி மறுத்த பள்ளிக்குரிய பாஸ்டன் காட்சிச்சாலையிலேயே அவருடைய ஓவியக் காட்சி நடந்தது.

1994இல் கார்க்கரன் கலைக்கூடமும் அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, பண்டு இழைத்த தவற்றுக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. பரிசு பெற்று ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. நான்கு ஆண்டுகளின்பின், 1998இல், தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் அம்மையார் மறைந்தார்.

அடைத்த கதவின்முன் அமர்ந்து அழாமல், தம் தூரிகையை ஓயாது இயக்கினார் அவர். திறமையைப் பிறப்பால் அளப்போர் தோற்பர் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றதன்றோ?