கினாயித் தொம்மன்

சேர நாட்டின் முசிறித் துறைக்கு மிளகு வாங்க வந்த யவனக் கலங்களைப் பற்றி நாம் யாவரும் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பிச் சென்றவர்களின் வரலாறு அது. அதே துறையில் இறங்கித் திரும்பாமலே தங்கிவிட்ட மக்களுக்குத் தலைவராயிருந்த ஒரு வணிகரைப் பற்றி இம்மலரில் எழுத முன்வந்தோம். பொன்முடியின் தேயிலைத் தோட்டங்களுக்கு மலையேறி வந்தும், திருவனந்தபுரத்தில் உத்தியோகம் நாடி வந்தும் இங்கேயே வேரூன்றிய தமிழராகிய நமக்கு அவர் கதை அந்நியமானதன்று.

அவர் பெயர் தோமா. மலையாள நாட்டார் கினாயித் தொம்மன் என வழங்குவர். கானா என்னும் ஊரினர் ஆதலால் இப்பெயர் என்பர் சிலர். கானான் நாட்டு வழியினர் என்பர் வேறு சிலர். அவர் வந்தது பாரசீகப் பேரரசுக்கு உட்பட்ட மெசபொத்தாமியாவிலிருந்து என்பது மரபு. அந்நாளில் அங்கு அரசு செலுத்தியவன் இரண்டாம் சாப்பூர் (கி.பி. 309–379). ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவ சமயத்தை ஆதரிக்கத் தொடங்கிய பின்னர், பாரசீகத்தில் வாழ்ந்த கிறிஸ்தவர் அனைவரும் பகை நாட்டுக்கு வேண்டியவர் என்ற சந்தேகத்துக்கு ஆளாயினர். இரட்டை வரி விதிக்கப்பட்டது. கி.பி. 340ஐ ஒட்டி ஆயர்களும் குருமாரும் கொலையுண்டனர். பிறந்த மண்ணிலேயே அயலாராக்கப்பட்ட அம்மக்களுக்குக் கடல் ஒன்றே வழியாயிற்று.

மலபாருக்கு வாணிகத்தின் பொருட்டு வந்து பழகியவர் தோமா. பருவக்காற்றின் போக்கும் துறைகளின் நிலையும் அறிந்தவர். கி.பி. 345இல் 72 குடும்பங்களைக் கலமேற்றிக் கொடுங்கல்லூருக்குக் கொணர்ந்தார் என்று மரபு கூறுகிறது. எடெஸ்ஸா நகரத்து ஆயர் மார் யோசேப்பும் குருமாரும் உட்பட ஏறத்தாழ 400 பேர் வந்தனராம். பெட்டி படுக்கையுடன் ஊர் மாறும் குடும்பங்களைப் புகைவண்டி நிலையத்தில் நாள்தோறும் காணும் நமக்கு, 72 குடும்பங்கள் என்றால் என்னவென்று ஓரளவு விளங்கும். கைக்குழந்தைகள், முதியோர், நடக்க இயலாதார், மறந்து வைத்துவிட்ட பொருளுக்காக அழுவோர்! இவர்களை நிலத்தின் வழியே அழைத்து வருவதே பெரும்பாடு. அவரோ அலைகடல் வழியே கொணர்ந்தார். அவர் வந்த காலம் எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு என்று கொள்ளும் ஆராய்ச்சியாளரும் உளர். காலம் எதுவாயினும், குடிகள் வந்ததும் நிலைத்ததும் பொய்யன்று.

சேரமான் பெருமாள் அவர்களை வரவேற்றுக் கொடுங்கல்லூரின் தென்பகுதியில் குடியிருக்க நிலமும், 72 உரிமைகளும் அளித்தார் என்பர். பல்லக்கு, பகல்விளக்கு, நடைபாவாடை முதலிய அவ்வுரிமைகள் அந்நாளில் உயர்குடியினர்க்கே உரியவை. அடைக்கலம் தேடி வந்தவனுக்கு உண்ணச் சோறு தருவோர் பலர். தலை நிமிர்ந்து வீதியில் நடக்கும் உரிமையையும் சேர்த்துத் தருவோர் சிலரே. அதற்குச் சான்றாயிருந்த செப்பேடுகள் போர்த்துக்கீசியர் காலத்தில் காணாமற்போயின. ஆயினும் இத்தகைய கொடை கட்டுக்கதையன்று என்பதற்குக் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளே சாட்சி. கி.பி. 849இல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், மார் சபீர் ஈசோ எழுப்பிய பள்ளிக்கு வழங்கிய ஏடுகள் அவை. வட்டெழுத்தில் பொறித்த அவ்வேட்டில் சாட்சிகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துக்களில் கையொப்பமிட்டுள்ளனர். ஒரே ஏட்டில் இத்தனை எழுத்துக்கள்! அக்காலத் துறைமுகத்தின் தன்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தோமாவின் மக்கள் வருமுன்னரே மலபாரில் கிறிஸ்தவர் இருந்தனர். திருத்தூதர் தோமையார் கி.பி. 52இல் வந்தார் என்பது அவர்தம் நம்பிக்கை. புதிதாய் வந்தோர் அவர்களோடு ஒரே பலிபீடத்தில் வழிபட்டனர். ஆனால் பெண் கொடுக்கவோ கொள்ளவோ இல்லை. அவர் தெக்கும்பாகத்தார், இவர் வடக்கும்பாகத்தார் என இரு பிரிவாயினர். ஒருவரையொருவர் இழித்துரைக்கும் கதைகளும் இவ்விரு சாராரிடையே உண்டு. அவற்றை இங்கு எடுத்துரைப்பது, விருந்துக்குச் சென்ற வீட்டில் பங்காளிச் சண்டையைக் கிளறுவதற்கு ஒப்பாகும் என்று விடுத்தோம்.

கலமேறும்போது சுற்றத்தார், உறவை மறவாதிருக்குமாறு வேண்டிக்கொண்டதாக அவர்தம் பழம்பாட்டு சொல்கிறது. அப்பாட்டுக்களை 1910இல் பி. யு. லூக்காஸ் என்பவர் தொகுத்து அச்சிட்டார். அவ்வேண்டுகோளை அம்மக்கள் எவ்வளவு உறுதியாய்க் காத்தனர் என்பதில் வியப்பும் உண்டு, வருத்தமும் உண்டு. மொழி மாறிற்று, உடை மாறிற்று, உணவு மாறிற்று. வழிபாட்டில் சுரியானியும் வாழ்வில் மலையாளமும் ஆயின. குருதி ஒன்றே மாறலாகாது என்றனர். சமூகத்துக்கு வெளியே மணந்தவர் விலக்கப்பட்டனர். அவ்வழக்கம் நம் காலத்தில் நீதிமன்றப் படியேறியும் விட்டது. அடைக்கலம் பெற்று வந்தோர் தம் மக்களையே வாயிலுக்கு வெளியே நிறுத்துவது முறையாகுமோ என்று கேட்போர் அச்சமூகத்தினுள்ளேயே இருக்கின்றனர். அவர்கள் கேட்பது நியாயம் என்றே நமக்குத் தோன்றுகிறது. அடையாளம் கரைந்துவிடுமோ என்னும் அச்சத்தையும் நாம் அறியாதவரல்லோம்.

1524இல் நிகழ்ந்த போரில் கொடுங்கல்லூர் எரியுண்டது. தோமாவின் மக்கள் மறுபடியும் மூட்டை கட்டிக் கடுத்துருத்தி, கோட்டயம் முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். கடுத்துருத்திப் பெரிய பள்ளியை இன்றும் தாய்ப்பள்ளியாகப் போற்றுகின்றனர். 1911இல் கத்தோலிக்கத் தெக்கும்பாகத்தார்க்கென்றே கோட்டயத்தில் தனி ஆயர் ஆட்சிப் பகுதி அமைந்தது. இப்போது அவர்கள் அமெரிக்காவின் சிகாகோ வரை சென்று குடியேறியுள்ளனர். திருமணத்தின் முன்னாள் மாலையில் மணமகனுக்குச் சவரம் செய்து சந்தம் சாத்துகின்றனர்; மணப்பெண்ணுக்கு மருதாணி இடுகின்றனர். மறுநாள் மணமக்கள் பள்ளியிலிருந்து புறப்படுகையில், சேரமான் அளித்த உரிமைகளின் நினைவாக, சுற்றத்தார் கூடி உரக்க நடவிளி எழுப்புகின்றனர்.