பிரித்துப் பார்த்தே கற்ற மேதை ஜி.டி. நாயுடு

கழக்கூட்டம் ஜங்ஷனில் இரவு பகல் ஓயாமல் பஸ்களும் லாரிகளும் போய்க்கொண்டே இருக்கின்றன. 2022-ல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்த தமிழ்க் குடும்பங்களில், படிப்பு பாதியில் நின்றுபோன பையனை ஏதாவதொரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நெடுநாளைய வழக்கம். கையெல்லாம் கரியும் கிரீஸுமாக வீடு திரும்பும் பையனைப் பார்த்து, இவன் என்ன ஆகப் போகிறானோ என்று பெற்றவள் கலங்குவதும் வழக்கம்தான். அப்படிக் கலங்குவோர் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அது கோவை தந்த அமரர் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை.

மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு

கோவைக்கு அருகில் கலங்கல் என்ற கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தவர் துரைசாமி. தந்தையார் கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. தாயை இளம் வயதிலேயே இழந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு வெளியேறினார் என்று சொல்வார்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் அவர் பள்ளியில் படித்ததில்லை. தோட்ட வேலைதான் இனி என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டனர்.

இந்த நிலையில்தான் அந்த வட்டாரத்துக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரில் செய்யப்பட்ட ரட்ஜ் வண்டி அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானே ஓடுகிறது. அதைக் கண்ட இளைஞருக்கு அன்றிலிருந்து வேறு நினைவில்லை. ஊரை விட்டுக் கோவைக்குச் சென்று ஒரு ஓட்டலில் சர்வராக வேலைக்கு அமர்ந்தார். மேஜை துடைத்துக் காசு சேர்த்தார். சில ஆண்டுகள் கழித்து, சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியும் விட்டார்.

வாங்கிய வண்டியில் ஊர்வலம் வருவதை விட, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்ப்பதே அவருக்கு முதல் வேலையாயிற்று.

பிரித்தால் என்ன தெரியும்?

பெட்ரோல் எஞ்சினுக்கு இதயம் போன்றது சிலிண்டர் என்னும் இரும்புக் குழாய். அதற்குள் மேலும் கீழும் போய்வருவது பிஸ்டன். பிஸ்டனின் கழுத்தில் வளையங்கள் உண்டு. உள்ளே வெடிக்கும் வாயு கீழே கசியாமல் காப்பவை அவையே. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுபவை கனெக்டிங் ராடும் கிராங்க் ஷாஃப்டும். தையல் மெஷினைக் காலால் மிதிக்கும்போது பலகையின் அசைவு சக்கரத்தைச் சுற்றுகிறதே, அதே தத்துவம்தான்.

இதன் வேலை நான்கு அடிகளில் நடக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது, காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து ஒரு வால்வு வழியே உள்ளே வரும். கலந்து கொடுப்பது கார்புரேட்டரின் வேலை. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தக் கலவை நெருக்கி அழுத்தப்படும். உச்சியை எட்டும் தறுவாயில் பிளக்கில் பொறி தெறிக்கும். அந்நாளைய வண்டிகளில் பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்தது மாக்னெட்டோ. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். வண்டியை ஓட்டும் சக்தி இந்த ஒரு அடியில் மட்டும்தான் பிறக்கிறது. நான்காவது அடியில் புகை மற்றொரு வால்வு வழியே வெளியேறும். மற்ற மூன்று அடிகளுக்கும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கச் செய்வது கனமான ஃப்ளைவீல். ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ 1876-ல் செய்து காட்டிய முறை இது.

மோட்டார் சைக்கிளில் சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும் விலாக்கள் சூட்டைக் காற்றில் விடுவதற்கு. பஸ்ஸிலும் லாரியிலும் அது போதாது. தண்ணீரும் ரேடியேட்டரும் வேண்டும். டீசல் எஞ்சினில் பிளக்கே கிடையாது. காற்றை மிகவும் நெருக்கி அழுத்துவதால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆனால் எந்த எஞ்சினாக இருந்தாலும், தேயும் இடங்களுக்கு ஆயில் போகவில்லையென்றால் சிறிது நேரத்தில் எல்லாம் இறுகிப் போகும்.

இவை இன்று பாடப் புத்தகத்தில் படமாகக் கிடைக்கின்றன. துரைசாமிக்கோ ஆசானும் இல்லை, புத்தகமும் இல்லை. கழற்றியதைத் திரும்பப் பூட்டி, வண்டி ஓடினால் சரி. ஓடாவிட்டால் எங்கோ தவறு. அதுவே அவருக்குப் பரீட்சையாக இருந்தது.

ஒரு பஸ்ஸில் தொடங்கியது

இடையில் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். முதல் உலக யுத்த காலத்தில் திருப்பூரில் நல்ல லாபம் கண்டார். பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அத்தனையும் கைவிட்டுப் போயிற்று. வேறொருவராக இருந்தால் ஒடிந்து போயிருப்பார். அவரோ கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ்ஸை வாங்கி, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்துதான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாயிற்று. குறித்த நேரத்துக்குப் பஸ் புறப்பட வேண்டும் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர்.

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார். கோவை பம்பு செட்டுக்கும் மோட்டாருக்கும் பேர்போன நகரமானதற்கு அது ஒரு தொடக்கம். பாட்டரியில் ஓடும் ரசந்த் சவரக் கருவி, வாக்குப் பதிவு யந்திரம் என்று அவர் கை வைத்த துறைகள் பல. 1952-ல் சுமார் 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் பெட்ரோல் கார் ஒன்றையும் செய்து காட்டினார். அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்காததால் அது சந்தைக்கு வராமலே போயிற்று. நடுத்தரக் குடும்பத்தின் வாசலில் கார் நிற்கும் நாள் அதனால் எத்தனை ஆண்டுகள் தள்ளிப் போயிற்றோ!

நான்கு ஆண்டா, இரண்டு ஆண்டா?

மூன்றாம் வகுப்போடு நின்றவர் 1945-ல் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். அப்போதைய சென்னை கவர்னரின் பெயரால் அது ஆர்தர் ஹோப் கல்லூரி எனப்பட்டது. இப்போது தடாகம் ரோட்டில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுவே.

அங்கேதான் பெரிய கருத்து வேற்றுமை எழுந்தது. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு என்பது காலவிரயம். யந்திரத்தின் அருகில் நிறுத்திக் கற்பித்தால் இரண்டு ஆண்டே போதும் என்பது நாயுடுவின் கட்சி. அரசாங்கம் ஒப்பவில்லை. தாம் வளர்த்த கல்லூரியை விட்டு அவர் விலகினார்.

யார் பக்கம் நியாயம்? பாலம் கட்டவும் புதிய எஞ்சினை வடிவமைக்கவும் கணக்கும் பௌதிகமும் ஆழமாக வேண்டும். அதற்கு நான்கு ஆண்டு அதிகமில்லை. ஆனால் ஓடுகிற எஞ்சினைப் பழுது பார்த்து ஓட வைக்கும் கைகளுக்கு அத்தனை காலம் தேவையில்லை என்ற அவர் வாதத்தையும் தள்ள முடியாது. 1950-ல் மத்திய அரசு தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தில் வந்த ஐ.டி.ஐ.களில், மோட்டார் மெக்கானிக் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுதான். திருவனந்தபுரத்தில் சாக்கையிலும், பெண்களுக்கென்று கழக்கூட்டத்திலேயும் அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன.

நிலைத்த பெயர்

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். கோவை அவினாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் ஜி.டி. நாயுடு ஆகிவிட முடியாது. ஆயினும் ஸ்பானரை எடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறவனுக்கும், இந்தப் பாகம் ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறவனுக்கும் பத்து ஆண்டில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வந்துவிடும். பையன் வேலை முடிந்து வந்ததும், இன்று எவ்வளவு கூலி என்று கேட்கிற தகப்பன், இன்று எதைக் கழற்றினாய், என்ன கண்டாய் என்றும் கேட்டால் நல்லது. கையில் இருக்கிற கிரீஸ் சோப்புப் போட்டால் போய்விடும். கற்றது போகாது.